வடக்கே வெயில் காலத்து இடி மழை: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிந்து டீ வந்த நேரம். ஒரு உறுப்பினர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் ரிக் வண்டியில் போர் போடும் வேலைக்காக உத்தரப்பிரதேசம் பக்கம் போயிருக்கிறான். "மேடம், நேத்து சாயந்திரம் பையன் போன் பண்ணினானுங்க. நாலு மணிக்கே இருட்டிப்போச்சாம். மண்ணை வாரி அடிக்குதாம். இடி இடிக்குதும்மான்னு சொன்னான், அதோட லைன் போயிருச்சுங்க. ராத்திரி பூரா தூங்கலை. காலைல ஏழு மணிக்குத்தான் பேசினான்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர், "வடக்கே இந்நேரம் வெயில்தானே கொளுத்தும்? வெயில் காலத்துல இடி எங்கிருந்துங்க வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு டீ ஆறும் நேரத்துக்குள் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம்.

நம் திருச்செங்கோடு வட்டாரத்து ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரைக்கும் போகின்றன. நாமக்கல் லாரிகளும் அப்படித்தான். நம் குழுக்களில் கணவனையோ மகனையோ தம்பியையோ அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு இருப்பவர்கள் பலர். அதனால் வடக்கத்தி வானிலை நமக்கும் வீட்டு விஷயம்தான்.

வடக்குச் சமவெளி எது?

இமயமலைக்குத் தெற்கே, கங்கையும் அதன் துணை ஆறுகளும், மேற்கே பஞ்சாப் ஆறுகளும் கொண்டுவந்த வண்டலால் ஆன தட்டையான நிலம் அது. பஞ்சாப், ஹரியானா, டெல்லி, உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் என்று நீண்டுகொண்டே போகும். பெரும்பாலும் கரடோ குன்றோ கண்ணில் படாது. கோதுமை, நெல், கரும்பு விளையும் பூமி.

அங்கே மார்ச் கடைசியிலேயே வெயில் ஏறத் தொடங்கும். ஏப்ரல் மாதம் கோதுமை அறுவடை. மே மாதத்தில் பல ஊர்களில் 40 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை போகும். மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். அதை 'லூ' என்பார்கள். ராஜஸ்தானின் பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. பருவமழை பீகாருக்கு ஜூன் நடுவிலும், டெல்லிக்கு ஜூன் கடைசியிலும்தான் வந்து சேரும். அதுவரை, ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வெயிலும் திடீர் இடி மழையும் மாறி மாறி வரும் காலம்.

வெயில் காலத்தில் இடி ஏன் வருகிறது?

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தீ எரிகிறது, தண்ணீர் ஆவியாகி மேலே ஏறுகிறது. இடி மேகமும் இப்படித்தான் உருவாகிறது. காலையிலிருந்து வெயில் பட்டு நிலம் அடுப்பு மாதிரி சூடாகிவிடும். அதன் மேல் இருக்கும் காற்றும் சூடாகி லேசாகி மேலே கிளம்பும். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகும். 10 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் உயரத்துக்குக்கூடக் கோபுரம் போல எழும்பிவிடும்.

வடக்குச் சமவெளியில் இதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, நிலத்தின் சூடு. இரண்டாவது, ஈரம். வங்காள விரிகுடாவிலிருந்து கிழக்குக் காற்று கங்கைச் சமவெளி வழியாக ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். மூன்றாவது, மேலே ஒரு தூண்டுதல். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பும் காற்றுச் சுழற்சி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி நம் நாட்டுக்குள் வரும். இதை 'மேற்கத்தியக் கலக்கம்' என்பார்கள். இந்த மூன்றும் ஒரே நாளில் சந்தித்தால் அன்று மதியத்துக்கு மேல் இடி மழை.

மேற்கே ராஜஸ்தான், ஆக்ரா, டெல்லி பக்கம் கீழ்க்காற்று காய்ந்து கிடக்கும். மேகத்திலிருந்து விழும் மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். வாசலில் தண்ணீர் தெளித்தால் குளுமை வருகிறதே, அதுபோல அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து கனமாகிக் கீழே விழும். விழுந்த வேகத்தில் நாலா பக்கமும் பாய்ந்து மண்ணைக் கிளப்பிவிடும். சுவர் எழுந்து வருவது மாதிரி புழுதி வரும். இதற்குப் பெயர் 'ஆந்தி'. நம் உறுப்பினரின் மகன் பார்த்தது இதைத்தான்.

கிழக்கே பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் பக்கம் ஈரம் அதிகம். அங்கே சாயங்கால நேரத்தில் சோட்டா நாக்பூர் மேட்டு நிலத்திலிருந்து புயல் போல இடி மழை இறங்கும். வங்காளத்தில் இதைக் 'கால்பைசாகி' என்பார்கள், வைசாக மாதத்து அழிவு என்று அர்த்தம். ஆனால் சணலுக்கும் தேயிலைக்கும் இதே மழைதான் உயிர் கொடுக்கிறது. நம் ஊர்க் கோடை மழையில் உழவு ஓட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இதே சூடு, இதே ஈரம் நம் பக்கமும் உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி, ஏற்காடு மலைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதம் மதியத்துக்கு மேல் இடி இடிப்பது நமக்கே தெரியும். ஆகவே இனி சொல்லப்போவது நமக்கும் பொருந்தும்.

நடந்தது என்ன?

2018 மே 2 ராத்திரி ராஜஸ்தானின் ஆல்வர், பரத்பூர், தோல்பூர் பக்கமும் உத்தரப்பிரதேசத்தின் ஆக்ரா பக்கமும் புழுதிப் புயலும் இடியும் அடித்தன. 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பலர் தூங்கிக்கொண்டிருந்த வீட்டின் சுவரோ கூரையோ விழுந்து இறந்தவர்கள்.

2020 ஜூன் 25 அன்று பீகாரில் ஒரே நாளில் மின்னல் தாக்கி 80 பேருக்கு மேல் இறந்தார்கள். நாற்று நடும் பருவம். வயலில் வேலையாக இருந்தவர்கள் அதில் நிறையப் பேர்.

2025 ஏப்ரல் 10 அன்று மறுபடியும் பீகாரில், வெயில் காலத் தொடக்கத்திலேயே, இடி மழையிலும் சூறைக்காற்றிலும் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மின்னல், மரம் விழுந்தது, சுவர் இடிந்தது என்று எல்லாம் சேர்ந்து.

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் காட்டு வேலை செய்கிறவர்களும் ஆடு மாடு மேய்க்கிறவர்களும்தான். அதாவது நம்மைப் போன்றவர்கள்.

"ஓரிரு இடங்களில்" என்றால் என்ன?

ரேடியோவிலும் டிவியிலும் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று சொல்வார்கள். நாம் கேட்டுவிட்டு, "அது நம்மூருக்கு இல்லை" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இது ஏதோ வாய்க்கு வந்த பேச்சில்லை, கணக்கோடு சொல்லும் வார்த்தை. ஒரு பகுதியில் மழை அளக்கும் இடங்கள் 20 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஓரிரு இடங்களில்: 5 இடம் வரைக்கும் பெய்யலாம்.
ஒருசில இடங்களில்: 6 முதல் 10 இடம்.
அநேக இடங்களில்: 11 முதல் 15 இடம்.
பெரும்பாலான இடங்களில்: 16 முதல் 20 இடம்.

ஓரிரு இடம் என்றாலும் நாலில் ஒரு ஊர் வரைக்கும் பெய்யலாம். அந்த ஒன்று நம் ஊராக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

"எந்த ஊர்னு காலையிலேயே சொல்லிட்டா என்னங்க?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது, அதற்குக் காரணம் உண்டு. புயல் சின்னம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாலு நாள் முன்பே கடலில் தெரியும். இடி மேகம் சின்னது. பல சமயம் ஒரு மணி நேரத்தில் பிறந்து, பெய்து, கலைந்தும் போய்விடும். கீழூரில் கொட்டும், மேலூரில் சொட்டுக்கூட விழாது. பானை கொதிக்கும் என்று சொல்லலாம், முதல் குமிழி எந்த இடத்தில் கிளம்பும் என்று எப்படிச் சொல்வது? அதனால் மூன்று கட்டமாகக் கவனிக்க வேண்டும்.

முதல் கட்டம் காலையில். இன்று வாய்ப்பு இருக்கிறதா என்று செய்தியில் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு என்று அர்த்தம். வாய்ப்பு இருந்தால் தூரத்துக் காட்டு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கட்டம் மதியத்துக்கு மேல். வானிலை ஆய்வு மையம் ராடாரில் மேகத்தைப் பார்த்து அடுத்த 3 மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டத்தில் இடி மழை என்று சொல்கிறது. போனில் எச்சரிக்கை மெசேஜ் வந்தால் அழிக்காமல் படியுங்கள். டச் போன் வைத்திருப்பவர்கள் 'தாமினி' என்ற செயலியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். புனேயில் உள்ள மத்திய அரசின் வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். இது நாடு முழுவதற்கும் வேலை செய்யும், ஆகவே ரிக் வண்டியில் போன பையனுக்கும் உதவும்.

மூன்றாவது கட்டம் நம் காது. இடிச் சத்தம் சுமார் 15 கிலோமீட்டர் வரைதான் கேட்கும். மின்னல் மேகத்தை விட்டு 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். ஆகவே இடி காதில் கேட்டாலே மின்னல் நம்மைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு மேல் மழை இல்லை, வெயில்கூட அடிக்கிறது என்றாலும் இதுதான் நிலைமை.

இடி விழுவதில்லை, மின்னல்தான் தாக்குகிறது

"தென்னை மரத்துல இடி விழுந்துருச்சு" என்றுதான் நாம் பேசுகிறோம். உண்மையில் இடி வெறும் சத்தம். மேகத்துக்குள் பனித் துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்சாரம் சேர்கிறது. காய்ந்த நாளில் சிந்தடிக் புடவையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி வருமே, அதன் பெரிய அண்ணன் இது. அந்த மின்சாரம் நிலத்துக்குப் பாய்வதுதான் மின்னல். அது போகும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி சூடாகி வெடிக்கிறது. அந்த வெடிச் சத்தம்தான் இடி.

வெளிச்சம் உடனே தெரியும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த நேரம் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வது நம் பெரியவர்கள் வழக்கம். சொல்லலாம், தப்பில்லை. சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

மரத்தடி ஏன் ஆபத்து? மின்னல் மரத்தின் வழியாக இறங்கும்போது பக்கத்தில் நிற்கும் ஆளின் மேலும் தாவும். வேர் வழியாக நிலத்தில் பரவி, சுற்றி நிற்கிற பத்து பேரையும் தாக்கும். ஒரே மின்னலில் ஒரு பட்டி ஆடு சாவது இதனால்தான்.

செய்ய வேண்டியவை

1. முதல் இடி கேட்டதும் காட்டை விட்டுக் கிளம்புங்கள். கையில் இருப்பது மண்வெட்டியோ கதிர் அரிவாளோ, கீழே போட்டுவிட்டுப் போகலாம்.
2. தார்சு வீடு, பள்ளிக்கூடம், கண்ணாடி ஏற்றிய கார், பஸ், லாரி கேபின் ஆகியவை பாதுகாப்பு. காட்டுக் கொட்டகை, தகரப் பந்தல், திறந்த பஸ் நிழற்குடை பாதுகாப்பு இல்லை. பைக்கில் போவதும் ஆபத்து.
3. கிணறு, தொட்டி, வாய்க்கால், கம்பி வேலி, மின்கம்பம், செல்போன் டவர் பக்கம் நிற்காதீர்கள்.
4. வீட்டுக்குள் டிவி, மிக்ஸி, கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இதை இடி நெருங்கும் முன்பே செய்ய வேண்டும். குழாயடியில் பாத்திரம் கழுவுவது, குளிப்பது, சார்ஜில் போட்டபடி போன் பேசுவது வேண்டாம். சார்ஜில் போடாத செல்போனில் பேசுவதால் மின்னல் இழுக்காது.
5. ஓட இடமே இல்லாத வெட்டவெளியா? ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி விலகுங்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். தரையில் படுக்கக் கூடாது. இது வேறு வழியில்லாதபோது மட்டும்தான்.
6. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

வடக்கே இருப்பவர்களுக்குப் போனில் சொல்லுங்கள்

ரிக் வண்டியின் கோபுரம் வெட்டவெளியில் நிற்கும் உயரமான இரும்பு. இடி கேட்டவுடன் வேலையை நிறுத்தி, வண்டியை விட்டு விலகி, கண்ணாடி ஏற்றிய லாரி கேபினுக்குள் உட்கார வேண்டும். உள்ளே இரும்பு பாகங்களைத் தொடாமல் இருக்க வேண்டும். லாரிக்கு அடியிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் படுப்பது பாதுகாப்பு இல்லை. ராத்திரி தூங்கும் இடத்தில் பழைய மண் சுவர், விளம்பரப் பலகை, பெரிய மரம் இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு ஓரம் கட்டி நிறுத்த வேண்டும், மரத்தடியில் நிறுத்தக் கூடாது.

அடிபட்டவரைத் தொடலாமா?

தாராளமாகத் தொடலாம். மின்னல் பட்ட உடம்பில் மின்சாரம் தங்கி இருக்காது. இந்தப் பயத்தாலேயே பிழைக்க வேண்டிய உயிர் போகிறது. வட மாநிலங்கள் சிலவற்றில் அடிபட்டவரைச் சாணத்தில் கழுத்து வரை புதைத்துவைக்கும் வழக்கம் உண்டு. அதனால் எந்தப் பயனும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்தான் வீணாகும்.

மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்க வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். வடக்கே இருப்பவர்கள் 112-ஐயும் அழைக்கலாம். நம் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

20 ரூபாய் கணக்கு

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். இயற்கைச் சீற்றத்தால் நேரும் விபத்தும் இதில் அடங்கும். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு ஆண்டு. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுப்போகும். வெளி மாநிலத்தில் இருக்கும் மகன், கணவர் கணக்கிலும் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

இதையெல்லாம் ஒரு குழுவில் சொன்னபோது ஒரு அக்கா கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "நீங்க சொல்றது சரிங்க மேடம். மூணு மணிக்கு இடி இடிச்சா நான் கரையேறிருவேன். அரை நாள் கூலியைப் பிடிச்சா யாருங்க தர்றது?"

உண்மைதான். காட்டில் நிற்கிறவர்களுக்கு மின்னல் தெரியாமல் இல்லை, கூலி போய்விடும் என்றுதான் நிற்கிறார்கள். தனி ஒருத்தி கரையேறினால் "இவளுக்கு மட்டும் என்ன பயம்" என்பார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து கரையேறினால் காட்டுக்காரரும் யோசிப்பார். அந்தக் குழு அன்றே முடிவு செய்தது. வேலைக்குப் பேசும்போதே, "இடி கேட்டா ஏறிருவோம், விட்டதும் வந்து முடிச்சுக் குடுத்துருவோம், கூலி பிடிக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவது. இரண்டு காட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் குழுவிலும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதைப் பேச்சுக்கு எடுங்கள். தீர்மான நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: "முதல் இடி கேட்டதும் எல்லோரும் சேர்ந்து கரையேறுவது, வேலைக்குப் பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது, வெளி மாநிலத்தில் இருக்கும் நம் வீட்டாருக்கு இந்த வாரமே போனில் விவரம் சொல்வது என ஒரு மனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

எழுதியதை எங்களுக்கும் தெரிவியுங்கள். கூலிப் பேச்சு எப்படிப் போனது என்பதையும் சொல்லுங்கள், அடுத்த இதழில் மற்ற குழுக்களோடு பகிர்ந்துகொள்வோம்.